வாசகர் கேள்வி – பதில்: மாரியில் காயாத துணி

கேள்வி: மட்டக்களப்பு நகரை அடுத்த குடியேற்றக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். கணவர் நாட்கூலி. வீட்டில் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும். மாதவிடாய்க்கென்று மாதம் ஒரு பைக்கற் நப்கின்தான் வாங்க முடிகிறது. அதைப் படிக்கிற சின்னவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் மூத்தவளும் பழந்துணி பாவிக்கிறோம். மாரியில் துணி காய்வதில்லை. மூத்தவளுக்கு அரிப்பும் புண்ணும் வருகின்றன. துணி பாவிப்பது தவறா?
– பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, துணி பாவிப்பது தவறன்று. சுத்தமான பருத்தித் துணியை நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றி, முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்தால் அதனால் கேடு வராது. பிறர் கண்ணில் படக்கூடாதென்று கொடியில் சேலைக்கு அடியில் மறைத்து விரிக்கும் துணி அரைகுறையாகவே காய்கிறது; கார்த்திகை, மார்கழி அடைமழையில் அதுவும் காய்வதில்லை. அந்த ஈரத்தில் கிருமி பெருகுகிறது, ஈரத்துணி உராய்ந்து தோலும் புண்ணாகிறது. ஆகவே மழைநாட்களில் அடுப்படிச் சூட்டில் உலர்த்தி, ஈரம் முற்றாகப் போகும்வரை அயன் பெட்டியால் தேய்த்து எடுத்துவையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் சவர்க்காரம் சரியாகப் போகாமல் துணியில் படிந்துவிடும். கடைசி அலசலுக்காவது பிடித்துவைத்த மழைநீரைப் பாவியுங்கள். மூத்தவளைக் கைமருந்தோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

இனிப் பணத்தைப் பற்றி. வீட்டுச் செலவில் கடைசியாக எழுதப்படுவதும் முதலில் வெட்டப்படுவதும் பெண்களின் இந்தத் தேவையே என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2018 வரை இறக்குமதி நப்கின்களின் மீது மொத்தம் 101.2 சதவீத வரி இருந்தது. அவ்வாண்டு அது 62.6 சதவீதமாகக் குறைந்தது. 2022 நெருக்கடியில் விலை மீண்டும் ஏறியபோது, உள்நாட்டு உற்பத்திக்கான மூலப்பொருட்களுக்கு வரிச் சலுகை வந்தது. 2024இல் வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவியருக்கு 1,200 ரூபாய் பெறுமதியான பற்றுச்சீட்டு வழங்கும் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம்தான், ஆனால் படிப்பை விட்ட பெண்ணுக்கும் தாய்க்கும் அதில் இடமில்லை. உங்கள் ஊர் மாதர் சங்கத்தில் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து மொத்த விலைக்கு வாங்கினால் செலவு குறையும். தையல் தெரிந்தவர்கள் பல மடிப்புப் பருத்தியில் துவைத்துப் பாவிக்கும் அணையாடைகளைத் தைத்துக் கொடுத்தால், கவனமாகப் பேணும்போது அவை ஓராண்டுக்கு மேலும் உழைக்கும். கணவரிடமும் மறைக்க வேண்டாம். அரிசி, பருப்போடு இதுவும் ஒரு செலவு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பாடசாலை அலுவலகத்தில் நப்கின் வைத்திருக்கிறோம். ஆனாலும் மாணவியர் கேட்பதில்லை. அந்த நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, கல்முனை

பதில்: ஆண் ஊழியர்கள் இருக்கும் அலுவலகத்துக்கு வந்து, காரணம் சொல்லி, பதிவேட்டில் பெயர் எழுதி வாங்குவதற்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளை கூசுவாள். அந்தப் பெட்டியைப் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குள்ளேயே வைத்து, கேட்காமல் எடுக்க விடுங்கள். அதைவிட முக்கியமாக, அங்கே உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும், வாளியில் தண்ணீரும், மூடியுள்ள குப்பைக்கூடையும் இருக்கின்றனவா என்று நாளையே போய்ப் பாருங்கள். மாற்ற இடமில்லாத பாடசாலைக்கு, பை நிறைய நப்கின் இருந்தாலும் பிள்ளை வரமாட்டாள்.