தோல் நோயும் மனச்சோர்வும்: தோல் மருத்துவர் பதில் சொல்கிறார்

கே: மேடம், எனக்குப் பல வருடமாகச் சொரியாசிஸ், தோல் சிவந்து செதில் உதிரும் நோய். ஒரு மாதமாகத் தூக்கமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. தோல் ஆறினால் மனசும் தானாகச் சரியாகிவிடும்தானே?

ப: சிலருக்கு ஆகும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 13 ஐரோப்பிய நாடுகளின் தோல் சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், தோல் நோயாளிகளில் 10.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. தோல் நோய் இல்லாதவர்களில் 4.3 சதவீதம்தான். சொரியாசிஸ் தோலோடு நிற்பதில்லை, உடம்புக்குள்ளும் அழற்சி ஓடுகிறது. அது மனநிலையையும் தொடுகிறது என்று கருத இடமிருக்கிறது. அப்புறம் ராத்திரி அரிப்பு. தூக்கம் கெட்டால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? உங்கள் சோர்வு இரண்டு வாரம் தாண்டிவிட்டதால் இப்போதே சிகிச்சை தேவை. கூட்டமான ஓ.பி.யில் நாங்கள் மனசைப் பற்றிக் கேட்பது குறைவு. நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கே: எனக்கு வெண்புள்ளி. வலியில்லை, அரிப்பில்லை. இதற்குப் போய் அழுவாயா என்கிறார் அம்மா.

ப: வலிக்காத, யாருக்கும் ஒட்டாத இந்த நோய்தானே நிச்சயமான கல்யாணத்தைக்கூட நிறுத்துகிறது! தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவாகி 1994இல் வெளிவந்த ஒரு கேள்வித்தாளை உலகமெங்கும் தோல் மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். அதன் 10 கேள்விகளில் புள்ளியின் அளவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. என்ன உடுத்துகிறீர்கள், வெளியே போகிறீர்களா, வேலை, தாம்பத்தியம் என்றுதான் போகும். அம்மாவை அடுத்த முறை கூட்டி வாருங்கள், நான் பேசுகிறேன்.

கே: கருவாட்டை நிறுத்தினால் மனசு தெளியுமா?

ப: இல்லை. குடியை நிறுத்துங்கள். சொரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கல்லீரலுக்கும் ஆபத்து.

கே: மனநல மாத்திரையால் சொரியாசிஸ் கூடுமாமே?

ப: லித்தியம் என்ற மனநல மருந்தால் சொரியாசிஸ் கூடக்கூடும். ஆனால் மனச்சோர்வுக்கு வழக்கமாக முதலில் தருவது அது அல்ல. டாக்சபின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தையே அரிப்புக்கு இரவில் கொடுப்பதுண்டு. மனநல மருத்துவரிடம் தோல் நோயைச் சொல்லுங்கள், என்னிடம் அவர் சீட்டைக் காட்டுங்கள். எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

கே: தம்பிக்கு உடம்பெல்லாம் செதில். "செத்துடலாம்போல இருக்கு" என்கிறான். பேச்சை மாற்றிவிடலாமா?

ப: மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மாத்திரைகளெல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும், அவனைத் தனியாக விடாதீர்கள். இன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஏதாவது செய்துகொள்வான் என்று தோன்றினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.