ஏழு நாள் முகாம் வீணா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கிறாள். சென்ற மாதம் என்.எஸ்.எஸ். முகாம் என்று ஏழு நாள் கமுதிப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிவிட்டு வந்தாள். ஊருணிக் கரையில் கருவேலம் வெட்டினார்களாம், பள்ளிச் சுவரில் படம் வரைந்தார்களாம், ராத்திரி ஊர்க்காரர்களோடு ஒயிலாட்டம் ஆடினார்களாம். வந்ததிலிருந்து அதே பேச்சுதான். எனக்கு இது பிக்னிக் என்றுதான் படுகிறது. ஊராட்சியில் ஆள் வைத்தால் ஒரு நாளில் முடிகிற வேலை. போட்டோ எடுப்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது? அடுத்த வருடம் பிளஸ் ஒன் போகிற பையனும் என்.எஸ்.எஸ்.ஸில் சேர்கிறேன் என்கிறான். அனுப்பலாமா?

ஒரு தந்தை, அருப்புக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு நாள்கூட வேண்டாம், ஜேசிபி வந்தால் அரை நாளில் முடிந்துவிடும். வேலையின் அளவை வைத்துக் கணக்குப் பார்த்தால் எந்த முகாமும் தேறாது. போட்டோ விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரிதான். பேனரைப் பிடித்து நிற்கிற நேரம் மண்வெட்டி பிடிக்கிற நேரத்தைவிட அதிகமாகிற முகாம்கள் உண்டு.

என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டை ஒட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பே மத்திய அரசு அமைத்த தேஷ்முக் குழு மாணவர்களுக்குச் சமூக சேவையைக் கட்டாயமாக்கச் சொல்லியிருந்தது. நல்லவேளை, விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்று முடிந்தது. கட்டாயப்படுத்தியிருந்தால் உங்கள் மகள் வீட்டுக்கு வந்து இத்தனை பேசியிருக்க மாட்டாள். 1973-ல் 'பஞ்சத்துக்கு எதிராக இளைஞர்கள்' என்ற பெயரில் முகாம்கள் நடந்தன. அன்று அந்தக் கைகள் உண்மையிலேயே தேவைப்பட்டன. இன்று ஊருக்கு மாணவர்களின் உழைப்பு அவ்வளவாகத் தேவையில்லை. மாணவர்களுக்குத்தான் ஊர் தேவைப்படுகிறது.

அந்தக் கருவேல மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, ஒழிக்க வேண்டும் என்று பிள்ளைகள் பாடப்புத்தகத்திலும் பேச்சுப்போட்டியிலும் கேட்டிருப்பார்கள். அரிவாளோடு போய் இடுப்பளவில் வெட்டிச் சாய்ப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரர் சிரிப்பார். அது அடுத்த மழைக்கு முன்பைவிடப் புதராகத் தழைத்து நிற்கும். தூரைச் சுற்றித் தோண்டி, கடப்பாரை போட்டு வேரோடு பெயர்க்க வேண்டும். ஒரு மரத்துக்கே உள்ளங்கை கொப்பளித்துவிடும்.

அதோடு முடியவில்லை. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த மரம்தான் அடுப்பு விறகு, கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் பிழைப்பு. விறகை நெருக்கி அடுக்கி, இலைதழை போட்டு மூடி, மேலே மண்ணைப் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகையவிடுவார்கள். மண் பூச்சில் விரிசல் விட்டால் நெருப்பு பற்றிக்கொள்ளும், மிஞ்சுவது சாம்பல்தான். அதனால் ராத்திரியிலும் ஒருவர் காவல் இருப்பார். நாம் ஒழிக்கச் சொல்கிற மரத்தை நம்பிச் சோறு தின்கிறவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது வகுப்பில் உட்கார்ந்து தெரிகிற விஷயமில்லை. தெரிந்த பிறகும் மரத்தைப் பெயர்க்கத்தான் வேண்டும் என்று ஒரு மாணவி நினைக்கலாம். ஆனால் அவள் இனி அதை வேறு மாதிரி பேசுவாள்.

ஒயிலாட்டமும் இப்படித்தான். கையில் வண்ணத் துணியோடு வரிசை கலையாமல் ஆடுகிற ஆட்டம். முன்பெல்லாம் ஆண்கள் மட்டும் ஆடியது. கைபேசியில் பார்த்து மேடைக்கு நாலு அடி ஒப்பேற்றிவிடலாம். ஊர் வாத்தியாருக்கு முன்னால் அது நடக்காது. ஒருத்தி கால் தப்பினால் வரிசையே நின்று, முதல் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வணிகவியல் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு அந்தக் காரணமே போதும்.

முகாமில் எனக்கு ஆகாதது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கிற சிறப்புரைதான். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து தன்னம்பிக்கை பற்றி ஒரு மணிநேரம் பேசுவார். காலையெல்லாம் மண் வெட்டிய பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்கும். அதைவிட மோசம், கிராமத்துப் பாட்டிகளுக்குக் கை கழுவச் சொல்லித்தரும் விழிப்புணர்வுப் பேரணி. அந்த நேரத்தில் நாலு நாலு பேராகப் பிரித்து வீடுகளுக்கு அனுப்பலாம். பனை ஓலை முடைகிற வீட்டில் உட்கார்ந்து ஒரு பெட்டி முடையட்டும், ஆடு மேய்க்கிறவரோடு ஒரு சாயங்காலம் நடக்கட்டும். ஊர் சொல்லிக்கொடுக்க, வந்தவர்கள் கற்றுக்கொள்கிற முகாம்தான் நல்ல முகாம். உங்கள் மகள் போனது எந்த ரகம் என்பதை அவளிடமே கேளுங்கள். அந்த ஊர் ஆட்கள் நாலு பேரின் பெயர் சொல்கிறாளா பாருங்கள்.

பையனைத் தாராளமாக அனுப்புங்கள். பள்ளி முகாம் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில்தான் வைப்பார்கள், பாடம் ஒன்றும் கெடாது. போவதற்கு முன்னால் திட்ட அலுவலரான ஆசிரியரைப் பார்த்து, என்ன வேலை, ராத்திரி எங்கே படுக்கை, கழிப்பறையும் தண்ணீரும் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவேலம் வெட்டுகிற வேலை என்றால் செருப்போடு அனுப்பாதீர்கள். அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ வாங்கிக்கொடுங்கள்.