நாய் அவருடையது, கயிறு என் கையில்: கடித்தால் யார் பொறுப்பு?

கேள்வி: ஐடி வேலையை விட்டுவிட்டு, அண்ணா நகரில் நான்கு வீட்டு நாய்களைக் காலையும் மாலையும் வாக்கிங் கூட்டிப்போகிறேன். ஒரு நாய்க்கு மாதம் 3,000 ரூபாய். இரண்டு பையன்களை வேலைக்கு வைத்துப் பெரிதாக்கலாம் என்று எண்ணம். போன வாரம் ஒரு வீட்டு லேப்ரடார், கூரியர் கொண்டுவந்தவரின் காலைக் கவ்விவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. நாயின் சொந்தக்காரரோ, 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தால்தான் இனி நாயை அனுப்புவேன் என்கிறார். கொடுக்கலாமா? இதற்கு லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆனால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாய் கடித்தால் அதன் சொந்தக்காரர் மேல்தான் கேஸ் என்று பலர் நினைக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291-ஆவது பிரிவைப் படித்தால் 'உரிமையாளர்' என்ற சொல்லே அதில் இல்லை. தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரலாம் என்ற நிலையில், தெரிந்தோ அலட்சியத்தாலோ தேவையான முன்னெச்சரிக்கை எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காலை ஆறு மணிக்கு அந்த லேப்ரடார் யார் வசம்? உங்கள் வசம். அதற்காகப் பயந்துவிட வேண்டாம், ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான், நாய் கடித்தது என்பதற்காக மட்டும் தண்டித்துவிடவும் முடியாது, அலட்சியம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரே கையில் நான்கு நாய்களைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் செல்போன் பேசிக்கொண்டு போனீர்கள் என்று எதிரே உள்ள வீட்டு கேமராவில் பதிவாகியிருந்தால், அலட்சியத்தைக் காட்ட வேறு சாட்சியே வேண்டாம்.

சொந்தக்காரர் மட்டும் இதில் தப்பிவிடுவாரா? அந்த நாய் முன்பே யாரையாவது கடித்திருந்து, அதை உங்களிடம் மறைத்திருந்தால் முடியாது. நஷ்டஈடு வழக்குகளில், நாயின் குணம் யாருக்குத் தெரிந்திருந்தது என்பது பெரிய விஷயம். அதனால் புது நாயை ஏற்கும்போதே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இதுவரை யாரையாவது கடித்திருக்கிறதா, எதைப் பார்த்தால் பாய்கிறது (பைக், குழந்தை, மற்ற நாய்), கடைசி ரேபிஸ் தடுப்பூசி எப்போது. வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, அழிக்காமல் வைத்திருங்கள்.

இப்போது அந்தக் கடிதம். நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தாலும் அது உங்கள் இருவருக்கும் இடையில்தான். கடிபட்ட கூரியர்க்காரர் அதில் கையெழுத்துப் போடவில்லையே! அவர் உங்கள் இருவர் மேலும் கேஸ் போடலாம். அப்படிப் போட்டு, சொந்தக்காரர் பணம் கட்ட நேர்ந்தால், இந்தக் கடிதத்தைக் காட்டி முழுத் தொகையையும் உங்களிடம் கேட்பார். அதற்காகத்தான் அவருக்கு அது வேண்டும். பதிலாக இப்படி எழுதுங்கள்: என் கவனக்குறைவால் நடந்தால் நான் பொறுப்பு, நாயின் குணத்தையோ நோயையோ மறைத்ததால் நடந்தால் அவர் பொறுப்பு. இதற்கும் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டு நாய் இல்லாமல் தொழில் நடத்துவதே மேல் என்பேன்.

நாய்க்கே ஏதாவது ஆனால் கதை வேறு. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வண்டியில் அடிபட்டது என்று வையுங்கள். சட்டத்தின் பார்வையில் நாய் ஒரு பொருள் (நாய் வளர்ப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள்), அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 151-ஆவது பிரிவு: சொந்தப் பொருளாக இருந்தால் ஒரு சராசரி மனிதர் எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனம். அதைக் காட்டிவிட்டால் பொறுப்பு இல்லை. ஆனால் நீங்கள் காசு வாங்குகிறீர்கள், அதனால் நுகர்வோர் ஆணையத்துக்கும் சொந்தக்காரர் போகலாம், இரண்டு வருடத்துக்குள். நல்ல பெல்ட் வாங்கிய ரசீது கூட அங்கே உதவும்.

லைசென்ஸ் விஷயம் சுலபம். வாக்கிங் கூட்டிப்போவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. நாய்க்குத்தான் மாநகராட்சி உரிமம் வேண்டும், அதை எடுக்க வேண்டியவர் சொந்தக்காரர். ஆனால் தெருவில் நிறுத்திக் கேட்கப் போவது உங்களைத்தான், எனவே ஒவ்வொரு நாயின் உரிம நகலும் உங்கள் போனில் இருக்கட்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியதிலிருந்து சென்னையில் கெடுபிடி கூடிவிட்டது. ராட்வைலர், பிட்புல் வந்தால் மறுத்துவிடுங்கள், எவ்வளவு கொடுத்தாலும். ஜிஎஸ்டி ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான்; உங்கள் நான்கு நாய்க்கு வருவது 1,44,000. உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், போட்டு வையுங்கள்.

வேலைக்கு வைக்கும் பையன்கள் 14 வயதுக்குக் கீழே இருக்கவே கூடாது, 18 தாண்டியவர்களாகப் பார்ப்பது நல்லது. வேலை நேரத்தில் அவர்கள் செய்யும் தவறும் உங்கள் தலையில்தான் விழும். வாடிக்கையாளர் வீட்டுச் சாவி வாங்குவதாக இருந்தால், வாங்கிய தேதியையும் திருப்பிக் கொடுத்த தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் மோதிரம் காணாமல் போனால் சந்தேகம் முதலில் சாவி வைத்திருப்பவர் மேல்தான்.

கடைசியாக, அந்தக் கூரியர்க்காரர். மீதித் தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டாரா என்று இன்றைக்கே கேளுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். கொடுத்த பணத்துக்கு 'மருத்துவ உதவியாகப் பெற்றேன்' என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாயின் தடுப்பூசி அட்டையையும் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், கொடுக்கத் தயங்கினால் அந்த வீட்டுக்கு நாளையிலிருந்து போக வேண்டாம்.