சுகர் இருக்கிறவங்களுக்குக் கால்ல புண், ஆனா வலியே இல்ல. தானா ஆறிடும்னு விட்டுடலாமா?

உங்க அப்பாவுக்கு 14 வருஷமா சுகர், உள்ளங்கால்ல கொப்புளம் உடைஞ்சு ஒரு வாரம் ஆச்சு, வலியே இல்லங்கிறார், அப்படியே விடலாமான்னு கேட்டிருக்கீங்க. விடாதீங்க, இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. அந்த 'வலியே இல்ல'ங்கிறதைப் படிச்சதும்தான் எழுத உக்காந்தேன், நானும் அதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

நான் டாக்டர் இல்ல, சுகர் வந்து 16 வருஷம் ஆன ஆளு, அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டிட்டு உள்ள போனேன், கொஞ்ச நேரத்துல என் மனைவி தரையெல்லாம் ரத்தத் திட்டா இருக்கேன்னு பதறி முதல்ல பொண்ணைத்தான் புடிச்சு உக்கார வச்சு கால் ரெண்டையும் திருப்பித் திருப்பிப் பாத்தா. பொண்ணு கால்ல ஒண்ணுமில்ல. அப்புறம்தான் என் சாக்ஸைப் பாத்தோம். பேனா மூடியோட கிளிப் ஒண்ணு உடைஞ்சு ஷூவுக்குள்ள கெடந்திருக்கு, காலையில இருந்து அதை மிதிச்சுக்கிட்டே நடந்திருக்கேன், கட்டைவிரலுக்குக் கீழ குழி விழுந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல.

அப்பவாவது ஓடியிருக்கணும். வலிக்கலையேன்னு களிம்பு தடவி பிளாஸ்டர் ஒட்டி 9 நாள் வேலைக்குப் போனேன். அதுவும் எனக்கு ராத்திரி பாதம் ரெண்டும் எரியும், அப்ப நரம்பு நல்லாத்தானே வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அது தப்புன்னு டாக்டர் சொல்லித்தான் தெரியும், கெட்டுப்போன நரம்பே எரிச்சலையும் குடுக்கும், வெளியில இருந்து குத்துறதையும் சொல்லாது. எரிச்சலுக்குப் பிரிகாபாலின் குடுத்தாங்க, தூக்கம் வந்துச்சு, ஆனா போன உணர்ச்சி அதால திரும்பாது. ரொம்ப வருஷமா மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை போடுறவங்களுக்கு வைட்டமின் பி12 குறைஞ்சும் நரம்பு பாதிக்கலாம், அப்பா அதைப் போடுறார்னா அதையும் பாக்கச் சொல்லுங்க.

ஆஸ்பத்திரியில நைலான் நூல் மாதிரி ஒண்ணால (10 கிராம் மோனோஃபிலமென்ட்டாம்) பாதத்துல தொட்டுப் பாத்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு, தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லணும். நான் ரெண்டு தடவை சொல்லிட்டு அடுத்து எப்ப தொடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன், முடிஞ்சிருச்சு கண்ணைத் திறங்கன்னாங்க. அந்த நிமிஷம்தான் எனக்கு பயமே வந்துச்சு. அப்புறம் கால்ல ரத்த ஓட்டம் பாத்தாங்க, எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்தாங்க.

உடனே 'சுகரைக் கட்டுப்பாட்டுல வச்சிருந்தா வந்திருக்காதே'ன்னு சொல்ல சிலர் வருவாங்க. எனக்கு அப்ப ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) 7.1தான். அதுக்கு முன்னாடி பல வருஷம் 10க்கு மேல இருந்துச்சு, மறைக்கல, நரம்பு அப்ப போனது.

எனக்கு ஆறினது களிம்பால இல்ல, அந்த எடத்துல பாரம் விழாம செஞ்சதாலதான். முட்டிக்குக் கீழ வரைக்கும் கழட்ட முடியாத கட்டு, வாரா வாரம் பிரிச்சு, செத்த தோலைச் செதுக்கி, மறுபடி கட்டு. 11 வாரம் ஆச்சு. (எல்லாருக்கும் இதே கட்டு ஒத்துவராது, ரத்த ஓட்டம் கொறைஞ்சிருந்தா, சீழ் இருந்தா வேற வழி பாப்பாங்க.)

அந்த 11 வாரமும் அம்மா என் வீட்டுலதான் இருந்தாங்க. அவங்களுக்குத் தூக்கி விட, குளிக்க வைக்க ஆள் வேணும். ரெண்டே ரெண்டு மாசம் வச்சுக்கோடான்னு தம்பிகிட்ட கேட்டேன். 'உனக்குத்தான் வலியே இல்லையே, நல்லா நடக்குறியே'ன்னான். மொத்தமும் என் மனைவி தலையில விழுந்துச்சு. இப்ப வீட்டுப் பத்திரம் பத்திப் பேச மட்டும் வாரம் ஒரு தடவை போன் வருது. இங்க சொல்ற விஷயம் இல்லதான், ஆனா மனசு ஆறல.

அப்பாவுக்கு வருவோம். தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் யாராவது பாருங்க, அவரால குனிய முடியலன்னா கண்ணாடியைக் கீழ வச்சுப் பாக்கட்டும். ஷூ, செருப்பு எதைப் போட்டாலும் முன்னாடி கையை விட்டுத் தடவிப் பாக்கணும், நான் இன்னைக்கும் ஒருநாள் தவறாம செய்யுறேன், ஏன்னா ஒரு தடவை ஆறினவங்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வருதாம். வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் வேண்டாம். நரம்பு போனா பாதம் வேர்க்காது, காஞ்சு வெடிக்கும், அதனால கிரீம் தடவணும், ஆனா விரல் இடுக்குல தடவக்கூடாது, ஈரம் தங்கிடும். எரியுது மரத்துப்போச்சுன்னு சுடுதண்ணியில காலை வைக்க விடவே விடாதீங்க, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆணிக்கால் பிளாஸ்டர், பிளேடு ரெண்டும் கிட்டயே வரக்கூடாது.

சுத்தி சிவந்து பரவுது, வீக்கம், நாத்தம், சீழ், கறுப்பு, காய்ச்சல் இதுல எது இருந்தாலும் ராத்திரியா இருந்தாலும் கெளம்பிடுங்க. புண்ணே இல்லாம ஒரு பாதம் மட்டும் சூடா வீங்கினாலும் அப்படித்தான், உள்ள எலும்பு நொறுங்கிக்கிட்டு இருக்கலாம், அதுவும் பெருசா வலிக்காது.

போகும்போது அவர் தினமும் போடுற செருப்பையும் எடுத்துட்டுப் போங்க. எங்க அழுத்துதுன்னு அதுலயே பாத்துச் சொல்லிடுவாங்க.