நாடித்துடிப்பு: இந்த முறை வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாடித்துடிப்பைப் பற்றியவை. கைக்கடிகாரமே துடிப்பை எண்ணிச் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான்.

ஓய்வில் இருக்கும்போது துடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

பாடப்புத்தகக் கணக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. ஆனால் 98 இருந்தால் 'நார்மல்' என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள். கோபன்ஹேகனில் நடுவயது தாண்டிய ஆண்கள் சுமார் 2,800 பேரை 16 வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். துடிப்பு 50-க்குள் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 80-ஐத் தாண்டியவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 90-ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று மடங்கு. உடல் தகுதியைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை.

என் கடிகாரம் 96 காட்டுகிறது. மாரடைப்பு வருமா?

எப்போது பார்த்தீர்கள்? மாடி ஏறியதுமா, காபி குடித்ததுமா, காய்ச்சலிலா? ஒன்றும் எழுதவில்லையே! ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், அப்புறம் எண்ணுங்கள். காலையில் எழுந்ததும் எண்ணுவது இன்னும் நல்லது. மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து முழு நிமிடம் எண்ணி, ஒரு வாரம் குறித்து வைத்துவிட்டு எழுதுங்கள்.

வயது 34. தினமும் ஓடுகிறேன். துடிப்பு 46.

ஓடுங்கள். பயிற்சியால் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் குறைவாகத் துடித்தாலே போதும். தலைசுற்றல், மயக்கம் வந்தால் மட்டும் உடனே ஈசிஜி.

எனக்கு 88 இருந்தது. அப்பாவின் மெட்டோபுரோலால் மாத்திரையில் பாதி போட்டேன், 68-க்கு இறங்கிவிட்டது. தொடரலாமா?

கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதே பழக்கத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போட்டது மெட்டோபுரோலால், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை. ஆஸ்துமாக்காரர் போட்டால் மூச்சு இறுகலாம். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். நாள்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலிகூட வரலாம். உங்கள் அப்பாவுக்கு அதை எழுதிக் கொடுத்தவர் அவருடைய ஈசிஜியைப் பார்த்து எழுதியிருப்பார். உங்களுடையதை யார் பார்த்தார்கள்?

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். உயர்ந்த துடிப்பு பெரும்பாலும் புகைதான். புகையை விசிறிவிட்டால் நெருப்பு அணையாது. என்னிடம் ஒரு அம்மா வந்தார். வேறோர் இடத்தில் 'படபடப்பு' என்று சொல்லி ஆறு மாதமாக இதே வகை மாத்திரை கொடுத்திருந்தார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7. சோகையைச் சரிசெய்ததும் துடிப்பு தானாக இறங்கியது. இமையைப் பார்க்க ஒரு நொடி போதும், ஆறு மாதம் யாரும் பார்க்கவில்லை.

எண்ணை மட்டும் இறக்கினால் என்ன ஆகும் என்பதைப் பெரிய ஆய்வாகவே செய்து பார்த்துவிட்டார்கள். இவாபிரடின் என்ற மருந்து துடிப்பை மட்டும் குறைக்கும். இதய ரத்தக்குழாய் நோய் இருந்தும் இதயச் செயலிழப்பு இல்லாத சுமார் 19,000 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2014-இல் முடிவு வந்தது. துடிப்பு பத்துபோலக் குறைந்தது, மாரடைப்போ இதயநோய்ச் சாவோ குறையவில்லை. அதே மருந்து, இதயம் பலவீனமாகி, துடிப்பும் 70-க்கு மேல் இருப்பவர்களுக்குப் பலன் தருகிறது. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். இன்னும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், எப்படி நிறுத்துவது என்று நாளைக்கே போய்க் கேளுங்கள்.

சில வருடம் முன்பு 66, இப்போது 82. இரண்டுமே 100-க்குள்தானே?

நல்ல கேள்வி. உங்கள் பழைய எண்தான் உங்களுக்கு அளவுகோல். நார்வேயில் பத்து வருட இடைவெளியில் இரண்டு தடவை துடிப்பை அளந்தார்கள். 70-க்குக் கீழே இருந்து 85-க்கு மேல் போனவர்கள் மாரடைப்பு வகை நோயால் இறக்கும் வாய்ப்பு, 70-க்குள்ளேயே நின்றவர்களைவிட இரண்டு மடங்கை நெருங்கியது. நீங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் ரத்தம், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். நடைப்பயிற்சியை எப்போது விட்டீர்கள், தூக்கம் எப்படி என்று யோசியுங்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்தீர்கள்தானே?

15 வருடமாகச் சர்க்கரை. படுத்திருந்தாலும் 95, நடந்தாலும் 100தான்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகளைச் சர்க்கரை பாதித்திருக்கலாம். அப்படி இருந்தால் மாரடைப்புகூட வலியில்லாமல் வந்துவிடலாம். இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதயத்துக்கு இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டாமே! உடற்பயிற்சி செய்தால் சீக்கிரம் தீர்ந்துவிடாதா?

அப்படி ஒரு கணக்கு இல்லை. இருந்தாலும் லாபம் நடப்பவருக்குத்தான். 45 நிமிட நடையில் நிமிடத்துக்கு 30 கூடினால் மொத்தம் 1,400 போல. பயிற்சியால் ஓய்வுத் துடிப்பு ஐந்து குறைந்தால் ஒரு நாளில் 7,000 மிச்சம்.

அம்மாவுக்கு வயது 71. பிரஷர் கருவியில் ஒரு தரம் 70, உடனே அடுத்த தரம் 104. கருவி பழுதா?

கருவியை விடுங்கள், நாடியில் விரலை வையுங்கள். துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக, அதாவது இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோயாக, இருக்கலாம். இதயத்தில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். தடுக்க மருந்து இருக்கிறது. இதற்கு ஐந்து நிமிடமெல்லாம் உட்கார வேண்டாம். இன்றைக்கே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.