கொங்க்: மலைச்சரிவில் ஒரு பிரெஞ்சுச் சிற்றூர் – கேள்வி பதில்

தென்பிரான்ஸின் அவெரோன் மாவட்டத்தில், 300 பேர்கூட வசிக்காத ஊர் கொங்க். லு புய் நகரிலிருந்து ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்துபோகும் யாத்திரைப் பாதையில் இருக்கிறது. அங்கே போகத் திட்டமிடுகிறவர்கள் கேட்டவை இங்கே.

கேள்வி: எங்களுக்கு அரை நாள்தான் இருக்கு. எதை விடவே கூடாது?

சாந்த் ஃபுவா மடாலயத் தேவாலயத்தின் மேற்கு வாசல். கதவுக்கு மேலே அரைவட்டத்தில் 12ஆம் நூற்றாண்டின் இறுதித் தீர்ப்புச் சிற்பம்; மொத்தம் 124 உருவங்கள். வாசல் மேற்கு பார்த்தது, காலையில் நிழல்தான். பிற்பகல் வெயில் சாயும்போது போங்கள். அப்போதுதான் அங்கங்கே ஒட்டியிருக்கும் பழைய நீலமும் சிவப்பும் கண்ணுக்குத் தட்டுப்படும். சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அத்தனை உருவத்தில் எங்கே ஆரம்பிப்பது?

நடுவில் கிறிஸ்து. அவர் உயர்த்திய வலக்கைப் பக்கம், அதாவது நமக்கு இடப்புறம், சொர்க்கம். தாழ்த்திய இடக்கைப் பக்கம் நரகம். சொர்க்க வரிசையில் மரியாள், சாவியோடு பேதுரு, பின்னால் மடாதிபதி கையைப் பிடித்து அழைத்துவரும் சார்லமேன் பேரரசர். பேரரசரே ஆனாலும் ஆள் துணையோடுதான் உள்ளே போக வேண்டும் போலிருக்கிறது!

நடுவே கீழே தராசைப் பாருங்கள். ஒரு பக்கம் மிக்கேல் தூதர், எதிரே பிசாசு. பிசாசு தன் தட்டை விரலால் அழுத்தி எடையில் ஏமாற்றப் பார்க்கிறது. நரகத்தில் கஞ்சன் கழுத்தில் பணப்பையோடு தொங்குகிறான். திருட்டு வேட்டைக்காரனை முயல் நெருப்பில் வாட்டுகிறது. நமக்கு இடப்புறத்தில், வளைவுகளுக்குக் கீழே கைவிலங்குச் சங்கிலிகள் தொங்கும், பக்கத்தில் ஒரு சிறுமி விழுந்து வணங்குவாள். அவள்தான் ஃபுவா, சிறுவயதிலேயே மதத்துக்காக உயிர்விட்ட புனிதை; தேவாலயம் அவள் பெயரில்தான். கைதிகளை விடுவிப்பவள் என்று பெயர் பெற்றவள், அதனால் சங்கிலி. உள்ளே கருவறையைச் சுற்றியுள்ள இரும்புக் கிராதிகளும் விடுதலையானவர்கள் காணிக்கையாகத் தந்த கைவிலங்குகளை உருக்கிச் செய்தவை என்பது ஊர் வழக்கு.

கடைசியாக, வெளி விளிம்பைப் பாருங்கள். கல் நாடாவுக்குப் பின்னாலிருந்து சின்னத் தலைகள் எட்டிப்பார்க்கும். பெரும்பாலோர் இவற்றைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

கேள்வி: அந்தச் சிறுமியின் எலும்புகளைத் திருடிக்கொண்டு வந்தார்களாமே, உண்மையா?

மடத்தின் பழைய கதையே அப்படித்தான் சொல்கிறது. கொங்க் துறவி ஒருவர், அவளுடைய எலும்புகள் இருந்த அழான் ஊர் மடத்தில் சேர்ந்து, பல வருடம் நம்பிக்கை சம்பாதித்து, 9ஆம் நூற்றாண்டில் எடுத்துவந்துவிட்டார். அதன் பிறகுதான் யாத்திரிகர் கூட்டம் இங்கே திரும்பியது, செல்வமும் சேர்ந்தது.

கேள்வி: ஃபுவாவின் தங்கச் சிலையைப் பார்க்க முடியுமா?

முடியும். திருப்பொருள் காட்சிக்கூடத்துக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். உயரம் சுமார் 85 செ.மீ.; மர உடலின் மேல் தங்கத் தகடு, அதில் பதித்த கற்கள். தலை, உடலைவிடப் பழையது: ரோமானியப் பேரரசின் கடைசிக் காலத்து ஆண் முகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 11ஆம் நூற்றாண்டில் வந்த ஆன்ஜேர் ஊர் பெர்னார் என்ற அறிஞர் முதலில் இதைப் புறச்சமய விக்கிரகம் என்று இகழ்ந்து, பிறகு மனம் மாறி அவளுடைய அற்புதங்களையே எழுதிவைத்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊரார் ஒளித்துவைத்ததால்தான் இந்தப் பொருட்கள் உருக்காமல் தப்பின.

கேள்வி: ஜன்னல் கண்ணாடியில் நிறமே இல்லையே. பழசு உடைந்துபோய் மாற்றினார்களா?

வேண்டுமென்றே அப்படிச் செய்தது. பக்கத்து ரொதெஸ் நகரில் பிறந்த ஓவியர் பியேர் சுலாஜ் 1987 முதல் 1994 வரை 104 திறப்புகளுக்கும் வடிவமைத்தார். வெள்ளைக் கண்ணாடித் துணுக்குகளை உருக்கி ஒட்டவைத்த தகடு அது; ஒளி ஊடுருவும், வெளிக்காட்சி தெரியாது. நாள் நகர நகர ஒளியின் சாயல் மாறும், அதனால் ஒரே ஜன்னலைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். போனில் எடுக்கும்போது ஜன்னல் வெறும் வெள்ளையாகப் போய்விடுகிறது என்றால், திரையில் ஜன்னலையே தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். எனக்கு இந்தக் கட்டடத்துக்கு வண்ணக் கண்ணாடியைவிட இதுவே பொருத்தம், ஏற்காதவர்களும் உண்டு.

கேள்வி: கட்டடம் முழுக்க 12ஆம் நூற்றாண்டா?

இல்லை. முகப்புக் கோபுரங்களின் மேற்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை. துறவிகளின் உள்முற்றத்திலும் பெரும்பகுதி போய்விட்டது. பச்சைக் கல்லில் செய்த நீர்த்தொட்டியைத் தவறவிடாதீர்கள். 1837இல் அரசின் நினைவுச்சின்ன ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே கட்டடத்தின் நிலையை எடுத்துச் சொல்லாமல் இருந்தால் மிச்சமும் தேறியிருக்காது.

கேள்வி: பாரிஸிலிருந்து கார் இல்லாமல் வரலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி.

ரொதெஸுக்கு இரவு ரயில் உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ.; பேருந்து குறைவு, அதனால் டாக்சியை முன்கூட்டியே பேசிவையுங்கள். ஊருக்குள் எல்லாமே ஏற்ற இறக்கம், கல் பாவிய தெரு, மழையில் வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடி செருப்பும் கைத்தடியும் அவசியம். தேவாலய முற்றத்துக்கு மிக அருகில் இறக்கிவிடும்படி டாக்சிக்காரரிடம் சொல்லுங்கள். தூர்து ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் செங்குத்துப் பாதையை அம்மா தவிர்ப்பது நல்லது. ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க எதிர்மலையில் உள்ள பான்கரெல் காட்சிமுனைக்கு வண்டியிலேயே போகலாம். கோடையில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பே பதிவு செய்யுங்கள்.