இரண்டு மாநிலச் செய்தியும் ஒரே இடத்தில்: செய்தியோடை பற்றி வாசகர் கேள்விகள்

கேரள எல்லையில் இருக்கும் தமிழர்கள் இரண்டு அரசுகளின் அறிவிப்புகளையும் மூன்று மொழிச் செய்திகளையும் பார்த்தாக வேண்டும். அங்கிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஆழியாற்றில் தண்ணீர் திறப்பதைப் பற்றிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாதிரியும் பாலக்காட்டுப் பக்கம் வேறு மாதிரியும் செய்தி வருகிறது. தினமும் ஏழெட்டுத் தளங்களைத் திறந்து பார்க்க முடியவில்லை. வேறு வழி உண்டா சார்? (கொழிஞ்சாம்பாறை)

உண்டு. பல தளங்கள் புதிதாகப் போடும் செய்திகளின் தலைப்பு, சுருக்கம், இணைப்பு மூன்றையும் ஒரு தனிக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். இதுதான் ஆர்எஸ்எஸ் ஃபீட், அதாவது செய்தியோடை. ஃபீட்லி, இனோரீடர் மாதிரி, ஓடைகளை ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்க உதவும் ஒரு ரீடரில் தளத்தின் முகவரியை ஒட்டினால், ஓடை இருந்தால் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்காவிட்டால், அது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த தளமாக இருக்கும் பட்சத்தில், முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் அதையடுத்து ஆங்கிலத்தில் 'feed' என்ற சொல்லும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் தேவைக்கு, நாம் கொடுக்கும் சொல் வரும் புதுச் செய்திகளைத் தேடித் தரும் கூகுள் அலர்ட்ஸ் இன்னும் பொருத்தம். 'ஆழியாறு' என்று தமிழில் ஒரு அலர்ட், அதையே மலையாள எழுத்தில் இன்னொரு அலர்ட் போடுங்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மெயிலுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்பதைத் தேர்ந்தெடுத்து, கிடைக்கும் முகவரியை ரீடரில் சேர்த்துவிடுங்கள். ஒரே தண்ணீர் திறப்பை இரண்டு ஊர்ப் பத்திரிகைகளும் எப்படி எழுதுகின்றன என்று அடுத்தடுத்துப் படிக்கலாம். ஃபேஸ்புக் எதை முதலில் காட்டலாம் என்று தானே முடிவு செய்யும். இங்கே நீங்கள் சேர்த்தது மட்டும் வரும், வந்த வரிசையில் வரும். பயிரை நம்பி இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் எஸ்டேட் லயத்தில் சிக்னல் கிடையாது. டவுனுக்கு இறங்கினால்தான் நெட். நாலைந்து நாள் கழித்துப் போனைத் திறந்தால் நடுவில் வந்த செய்திகளைக் காணோம். ஏன்? (வண்டிப்பெரியாறு)

ஓடையில் பழைய செய்திகள் எல்லாம் இருக்காது, கடைசியாக வந்த கொஞ்சம்தான் இருக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில் வழக்கமான அளவு 10. ஒரு தளம் நாளைக்கு ஐந்து செய்தி போடுகிறது என்று வையுங்கள். நாலு நாளில் 20. நீங்கள் டவுனுக்கு வரும்போது முதல் 10 ஓடையை விட்டே போயிருக்கும். போனிலேயே நேரடியாக ஓடையை எடுக்கும் ஆப் வைத்திருந்தால் அவை கிடைக்கவே கிடைக்காது.

ஃபீட்லி, இனோரீடர் போன்றவை அப்படி இல்லை. உங்கள் போன் அணைந்து கிடந்தாலும் அவர்களுடைய சர்வர் ஓடையை அவ்வப்போது பார்த்துச் சேர்த்து வைக்கும். சிக்னல் கிடைக்கும்போது விட்டுப்போனதையும் படிக்கலாம். அதனால் வேகமாகச் செய்தி போடும் தளங்களை இந்த மாதிரி சேவையில் வையுங்கள்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் வரும் தளங்களுக்கு ஆண்ட்ராய்டில் 'ஃபீடர்' என்ற இலவச ஆப் போதும். கணக்கு தொடங்க வேண்டியதில்லை. அதில் முழுக் கட்டுரையையும் இறக்கிவைக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். டவுனில் இறக்கிக்கொண்டு லயத்தில் நிதானமாகப் படிக்கலாம். ஓடை வெறும் எழுத்துதான் என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது. படங்கள் மட்டும்தான் இழுக்கும்.

கேரள பிஎஸ்சி வேலை அறிவிப்புகளுக்கு இதை நம்பலாமா அண்ணா? (சித்தூர்)

இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் தம்பி. விண்ணப்பக் கடைசித் தேதி போனால் போனதுதான். ஓடை இல்லாத பக்கங்களுக்கு 'டிஸ்டில்' என்றொரு பிரவுசர் நீட்சி இருக்கிறது. அறிவிப்புப் பட்டியல் இருக்கும் பகுதியை மட்டும் குறித்துக் கொடுத்தால், அதில் ஏதாவது மாறும்போது தெரிவிக்கும். ஆனால் தளத்தின் வடிவத்தை மாற்றிவிட்டால் அது சத்தமில்லாமல் நின்றுபோகலாம். வாரத்துக்கு ஒருமுறை பிஎஸ்சியின் விண்ணப்பத் தளமான 'துளசி'யில் உள்ளே போய் நேரில் பார்த்துவிடுங்கள்.

யூடியூப் சேனலுக்கும் ஓடை உண்டா? (மூணாறு)

உண்டு. சேனல் முகவரியைப் பெரும்பாலான ரீடர்களில் ஒட்டினாலே வேலை செய்யும். கடைசி 15 வீடியோக்கள் வரும்.

கூகுள் ரீடரை மூடியதும் நான் இதையெல்லாம் விட்டுவிட்டேன். இப்போது சேரும் சேவையையும் மூடிவிட்டால்? (குமுளி)

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. எத்தனையோ பேர் அத்தோடு ஓடையே செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். மூடியது படிக்கும் இடம் மட்டும்தான். ஓடைகளைத் தருவது அந்தந்தத் தளங்கள், அவை அப்படியே இருந்தன. 1999இல் நெட்ஸ்கேப் தொடங்கிவைத்த இந்த முறை எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை. பாட்காஸ்ட்கள் இன்றைக்கும் இதில்தான் ஓடுகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரும்பாலான ரீடர்களில் அமைப்புகளுக்குள் ஓபிஎம்எல் ஏற்றுமதி என்று ஒன்று இருக்கும். நீங்கள் சேர்த்த எல்லா ஓடைகளின் முகவரிகளும் அந்த ஒரே கோப்பில் வந்துவிடும். புது ரீடருக்குப் போனால் இறக்குமதியில் அதைக் கொடுத்தால் போதும், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டாம். சேர வேண்டிய தளங்களை எல்லாம் சேர்த்து முடித்ததும் ஒருமுறை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.